காக்கா ஆழியைத் தின்றே தீர்க்க முடியுமா?

கேள்வி: எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழி என்ற வெளிநாட்டுச் சிப்பி பரவி, இறால் பிழைப்பையே கெடுத்துவிட்டது என்கிறார்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இப்படிப் பெருகும் உயிர்களைப் பிடித்துச் சமைத்துத்தான் கட்டுப்படுத்துகிறார்களாம். நாமும் ஏன் அதைச் செய்யக்கூடாது? காட்டுக்குப்பத்தில் இருக்கும் என் மச்சான் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறார். சமைக்கலாமா?

பதில்:

பையை முதலில் முடித்துவிடுவோம். சமைக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நான் விளக்கி முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் யாராவது வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிடப் போகிறார்கள் என்றுதான் இதை முன்னால் வைத்தேன்.

பெரிய கேள்விக்கு வருகிறேன். "பிடித்துத் தின்றால் ஒழிந்துவிடும்" என்ற யோசனையை வெளிநாட்டுச் செய்தி என்று நினைக்கிறோம். சென்னைவாசிகள் அதை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். சோதனைப் பொருளின் பெயர் ஜிலேபி.

ஜிலேபி மீன் நம் ஊர் மீன் இல்லை. திலாப்பியா என்ற ஆப்பிரிக்க மீன் அது. குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழே ஆண்டுகளில் வந்தவரின் குணம் புரிந்துபோய், இனி இதைப் பரப்பக் கூடாது என்று 1959-ல் மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. மீனுக்குத் தடை உத்தரவைப் படிக்கத் தெரியாது. ஏரியிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து அடுத்த ஏரிக்கு என்று போய்க்கொண்டே இருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது புழல் ஏரிக்கரையிலிருந்து கூடையில் வரும். கெண்டை வாங்க வசதியில்லாத வீடுகளில் ஜிலேபி. மண்வாடை போக மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, மோரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, மிளகாய்த்தூள் தடவிப் பொரிப்பார்கள். இன்றும் செம்பரம்பாக்கம் பக்கம் சாலையோரத்தில் துள்ளத் துள்ள வைத்து விற்கிறார்கள். வலை, தூண்டில், கைவலை என எல்லா வழியிலும் பிடிக்கிறோம். வறுக்கிறோம், குழம்பு வைக்கிறோம். அது குறைந்ததா? எந்த ஏரியிலாவது "இப்போதெல்லாம் ஜிலேபியே கிடைப்பதில்லை" என்று யாராவது வருத்தப்பட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

ஏன் குறையவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது. இந்த மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். ஆகவே குஞ்சுகள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண்டில் பலமுறை பெருகும். முக்கியமாக, நெருக்கடி வந்தால் விரல் நீளத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். நாம் பெரிய மீனைப் பிடிக்கிறோம், சிறியது வலைக்கண்ணில் நழுவுகிறது. நழுவியது அங்கேயே குடும்பம் நடத்துகிறது. பெரியவற்றை எடுத்ததால் மிச்சமிருப்பவற்றுக்கு இடமும் தீனியும் தாராளம். இப்படிப் பார்த்தால் நாம் செய்தது ஒழிப்பு வேலை அல்ல, நெருக்கத்தைக் குறைத்து மிச்சத்தைச் செழிக்கவிடும் வேலை.

சீமைக்கருவேலத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ராமநாதபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாக வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். காடு குறையவில்லை, கரி வியாபாரம்தான் வளர்ந்தது. பயன் கண்டுபிடித்துவிட்ட களை, பயிராகிவிடும்.

இனி காக்கா ஆழி. எண்ணூர் மீனவர்கள் வைத்த பெயர் அது. அறிவியலில் மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா என்பார்கள். சொந்த ஊர் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். கப்பல்கள் சரிந்துவிடாமல் இருக்க அடித்தொட்டிகளில் ஓரிடத்துக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வந்து வேறிடத்தில் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் அந்த நீரோடு வந்திறங்கும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். பிலிப்பைன்ஸில் 2014-லும் சிங்கப்பூரில் 2016-லும் தென்பட்டு, பிறகு கேரளத்தின் அஷ்டமுடிக் காயலுக்கு வந்தது. துறைமுகங்களை அண்டியிருக்கும் எண்ணூருக்கு வராமலிருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வந்த இடத்தில் இது தனியாக வாழ்வதில்லை. பட்டு நூல் போன்ற இழைகளை விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேற்றின் மேல் ஜமுக்காளம் விரித்ததுபோலப் படரும். ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த ஜமுக்காளத்துக்கு அடியில் இருக்கும் மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிச் சாகும். இறால் புதைந்து ஒளிந்துகொள்ளச் சேறு கிடைக்காது. காட்டுக்குப்பம் பக்கத்தில் ஆணும் பெண்ணும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை, சேறுதான் முதலீடு. அந்தச் சேற்றைத்தான் இந்தச் சிப்பி மூடுகிறது. கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். கால்வைத்தால் முழங்கால்வரை இறங்கும் குழைசேறு. சிப்பி படர்ந்த இடத்தில் அது இப்போது ஓட்டுத்துண்டுகள் பரப்பிய தரைபோல இருக்கிறது, செருப்பில்லாமல் நடந்தால் பாதம் கிழியும்.

இதன் உடல்வாகும் கேடானது. ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்ந்தாலே இனப்பெருக்கத்துக்குத் தயார். தீனிக்குத் தட்டுப்பாடு வந்தால் பாலினம் மாறிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. உப்பு மெல்ல மெல்ல மாறினால், ஏறக்குறைய நன்னீர் முதல் கடலைவிட உப்பான நீர்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே கொசஸ்தலையாற்றில் மழைவெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. 1986-ல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில்லில் ஒரு மின்நிலையத்தின் கடல்நீர்க் குழாய்களை இது அடைத்தது. 1987-ன் கடுங்குளிரில் அங்கே செத்து மடிந்தது. பிறகு 2004-ல் அதே மாநிலத்தில் மீண்டும் தலைகாட்டியது. அப்படியொரு குளிர் நம் ஊரில் மார்கழியிலும் வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் சபிக்கும் இதே வகைச் சிப்பி பிரேசிலில் விருந்துச் சாப்பாடு. வடகிழக்குப் பிரேசிலில் மசேயோ என்ற கடற்கரை நகரம், அதன் ஓரத்தில் முண்டாவு என்ற காயல். அங்கே இந்தச் சிப்பியை சுருரு என்கிறார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைப்பார்கள். சாறாக வைத்தும் குடிப்பார்கள். நம் பக்கத்துச் சொதியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். காயலோரக் குடிசைகளில் பெண்கள் உட்கார்ந்து ஓடு நீக்கிச் சதை எடுத்து விற்கிறார்கள். மலைபோல் குவியும் ஓட்டைப் பொடித்துச் சுவருக்கான துளைக்கற்கள்கூடச் செய்திருக்கிறார்கள். ஆகவே "இது தின்னக்கூடிய பொருளா?" என்று கேட்டால் தாராளமாக ஆம். நன்றாகவே இருக்குமாம்.

நீங்கள் சொன்ன வெளிநாட்டு உதாரணங்களையும் பார்க்கலாம். கரீபியன் கடலிலும் ஃபுளோரிடாவிலும் சிங்கமீன் என்ற முள்மீன் படையெடுத்தது. நம் மன்னார் வளைகுடாவில் அது சொந்தக்காரன், யாரும் கவலைப்படுவதில்லை. அங்கே அகதியாகப் போய் அரசனாகிவிட்டது. முள்ளில் நஞ்சு, சதையில் இல்லை. ஆகவே போட்டிவைத்துக் குத்தினார்கள், உணவகங்களில் பரிமாறினார்கள். விளைவு? முக்குளிப்பவர்கள் அடிக்கடி போகும் பவளப்பாறைகளில் எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்தது. போவதை நிறுத்திய இடங்களில் திரும்ப வந்தது. மனிதன் இறங்க முடியாத ஆழத்தில் அது பாட்டுக்கு இருக்கிறது. குறிப்பிட்ட இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தின்பது உதவும், வீட்டுவாசலைத் தினமும் கூட்டுவதுபோல. கூட்டுவதால் ஊரில் தூசி தீர்ந்துவிடுமா?

இத்தாலியில் போ ஆற்று முகத்துவாரத்தில் அமெரிக்க நீலநண்டு புகுந்து மட்டிப் பண்ணைகளைக் காலிசெய்தது. 2023-ல் அந்த நாட்டு அரசு 29 லட்சம் யூரோ ஒதுக்கிப் பிடிக்கச் சொன்னது. நண்டு கடைக்கு வந்தது, பாஸ்தாவில் சேர்ந்தது. மட்டிக்காரர்களின் துயரம் அதனால் தீரவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலமோ, ஆறுகளில் பெருகிய ஆசியக் கெண்டைகளை மக்கள் முகஞ்சுளிக்காமல் வாங்கட்டும் என்று 2022-ல் 'கோப்பி' என்ற புதுப் பெயரை வைத்து விளம்பரம் செய்தது. நம் மீன்காரப் பெண்கள் இந்த வேலையை ஒரு காசு வாங்காமல் அரை நூற்றாண்டுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். ஆப்பிரிக்க மீனுக்கு ஒரு மிட்டாயின் பெயரைச் சூட்டி விற்றவர்கள் அல்லவா!

பெயர் ஒட்டிக்கொண்டு, விலையும் ஏறிவிட்டால்தான் உண்மையான ஆபத்து. கிரேஃபிஷ் என்ற, சிங்கி இறாலைப் போன்ற அமெரிக்கச் செந்நிற நன்னீர் உயிர் ஒன்று சீனாவுக்குள் அந்நியனாகப் போனது. மக்கள் நாக்குக்குப் பிடித்துப்போயிற்று. இன்று நெல்வயலில் தண்ணீர் கட்டி அதை வளர்க்கிறார்கள். ஒழிப்பது யார்? நம் பக்கத்துக் கதை ஆப்பிரிக்கக் கெளுத்தி. நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும் என்று இந்தியாவில் வளர்க்கத் தடைசெய்யப்பட்ட மீன் அது. ஆனாலும் கோழிக்கழிவைப் போட்டு மறைவாக வளர்க்கிறார்கள், அதிகாரிகள் குட்டை குட்டையாகத் தேடி அழிக்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. வாங்க ஆளிருக்கும்வரை குட்டையும் இருக்கும். காக்கா ஆழிக்கு நல்ல விலை வந்துவிட்டால், இன்னும் சிப்பி படியாத ஒரு கழிமுகத்தில் யாரோ ஒருவர் ஒரு கூடை கொண்டுபோய்ப் போடமாட்டார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இவ்வளவும் சொன்னபிறகும், "ஒழியாவிட்டால் போகிறது, ஜமுக்காளத்தைக் கிழித்துச் சேற்றை மீட்கலாம், கூடவே நாலு பேருக்கு வருமானம் வரட்டும்" என்று நீங்கள் கேட்டால், நியாயமான வாதம் என்றுதான் சொல்வேன். பழவேற்காட்டிலோ அஷ்டமுடியிலோ, சோதித்துப் பார்த்தபின் ஒப்புக்கொள்ளவும் செய்வேன். எண்ணூரில் முடியாது. இங்கே இடறுவது சிப்பியின் குணமல்ல, அது நிற்கும் தண்ணீர்.

சிப்பி என்பது ஒரு வடிகட்டி. தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிரைத் தின்று, தண்ணீரை வெளியே விடும். தண்ணீரில் காரீயமும் காட்மியமும் இருந்தால் அவற்றையும் பிடித்து உடலில் சேர்த்துக்கொள்ளும். எண்ணூரின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் கரைந்து படிந்த கழிமுகம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து முகத்துவாரத்தை மூடியதையும், மீனவர்கள் வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளியதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த நீரை மாதக்கணக்கில் வடிகட்டிய சிப்பியைத்தான் உங்கள் மச்சான் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார்.

"நன்றாக வேகவைத்தால்?" என்று அடுத்த கேள்வி வரும், எல்லா இடத்திலும் வருகிறது. வேகவைத்தால் கிருமி சாகும். காட்மியம் சாகாது, அது உயிரல்ல. பிடித்த சிப்பியைத் தூய கடல்நீர்த் தொட்டியில் இரண்டு நாள் வைத்து வயிற்றைச் சுத்தமாக்கும் முறை பல நாடுகளில் உண்டு. குடலில் இருக்கும் அழுக்கும் பாக்டீரியாவும் அதில் போகும். சதையில் ஊறிய உலோகம் இரண்டு நாளில் இறங்காது. இதைத் தவிர இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கடல்நீரில் சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றின் நஞ்சு சிப்பிக்குள் சேரும். அதுவும் வேகவைத்தால் அழியாது. இது புத்தகத்தில் மட்டும் உள்ள அச்சம் அல்ல. 1981-ல் சென்னைக்குத் தெற்கே வயலூரில் மட்டி சாப்பிட்டவர்களில் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். அது வெளிநாட்டுச் சிப்பிகூட இல்லை, நாம் காலங்காலமாகச் சாப்பிட்டுவரும் நம் ஊர் மட்டி.

சிலர் கோழிக்கும் வாத்துக்கும் போடலாம், சேற்றுநண்டு கொழுக்கவைக்கத் தீனியாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். உலோகம் அப்போதும் எங்கும் போய்விடுவதில்லை. முட்டையின் வழியாகவோ நண்டின் வழியாகவோ சுற்றிக்கொண்டு அதே சாப்பாட்டுத் தட்டுக்கு வரும்.

அப்படியானால் என்னதான் செய்வது? என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், எண்ணூரில் சிப்பியை அள்ளத்தான் வேண்டும், ஆனால் உணவாக அல்ல. பெரிய இயந்திரத்தை இறக்கிக் கழிமுகத்தை உழுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிய்ந்த கொத்துகள் நீரோட்டத்தில் போய்ப் புது இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அடியில் படிந்திருக்கும் சாம்பலும் கிளறப்பட்டு மேலே வரும். இறால் பிடிக்கும் இடங்கள் எவை, மட்டி மிஞ்சியிருக்கும் இடங்கள் எவை என்று அங்கே தினமும் இறங்குபவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கே கூலி கொடுத்து, அந்த இடங்களை மட்டும், ஓதம் வடிந்த நேரத்தில் கையால் சுரண்டி எடுக்கச் சொல்லலாம். சிங்கமீன் கதை சொல்வது இதைத்தான்: சிறிய இடம், திரும்பத் திரும்ப. ஒருமுறை செய்து புகைப்படம் எடுத்துவிட்டுப் போகும் வேலை இல்லை. அள்ளியதைக் கரையிலேயே கொட்டினால் அடுத்த ஓதத்தில் தண்ணீருக்குள் போய்விடும் என்பதால், மேட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். ஓடு வீணாகாது. பழவேற்காட்டில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த மரபு நமக்கு உண்டு. இந்த ஓடும் அதே கால்சியம் கார்பனேட்தான். சோதித்துப் பார்த்துக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தலாம். வெற்றிலைக்கு வேண்டாம்.

ஏரிகளில் பெருகும் 'டேங்க் கிளீனர்' மீனைப் பற்றியும் இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள் என்பதால் இரண்டு வரி. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கி, கை நீளம் வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் விட்ட தென் அமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் எலும்புக் கவசம், வலையைக் கிழிக்கும் முள், கரையில் வளை தோண்டிக் குடித்தனம். மெக்சிகோவில் பிசாசு மீன் என்று பெயர் வைத்துவிட்டு அதையும் சதையெடுத்து விற்றுப் பார்த்திருக்கிறார்கள். தின்ன முடியும், கவசத்தை உரித்தபின் மிஞ்சும் சதைக்காக நம் ஊரில் யாரும் மெனக்கெடப்போவதில்லை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கும்போதே "இது எவ்வளவு பெரிதாகும்?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், போதும்.

உங்கள் பைக்குத் திரும்புகிறேன். தூக்கிப் பக்கிங்ஹாம் கால்வாயிலோ ஆற்றிலோ கொட்டிவிடாதீர்கள். இந்தச் சிப்பிகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டு ஈரத்தில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மொட்டைமாடி வெயிலில் பரப்பி நன்றாகக் காயவிடுங்கள். நாற்றம் வரும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பூனைக்குப் போட வேண்டாம். காய்ந்தபின் குழிதோண்டிப் புதையுங்கள், கறிவேப்பிலைக்கும் கீரைப்பாத்திக்கும் தள்ளி. மச்சானிடம் பேசும்போது நன்றி சொல்லிவிட்டு, அவற்றை எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தார், அங்கே மட்டி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஏதாவது கொடுத்தனுப்ப விரும்பினால் கடலில் பிடித்த நெத்திலி அனுப்பச் சொல்லுங்கள்.